சுண்டெலிச் சிறுமூளையில் ஜீப்ரின் சாயம்: சில வெட்டுகளில் பழுப்பு, சிலவற்றில் வெறுமை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

கொழிஞ்சாம்பாறை_மாணவி | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழே பேசும் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். இப்போது சுண்டெலியின் சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்னும் பெரிய நரம்பு செல்கள் எந்த ஒழுங்கில் அமைகின்றன என்பதைத் திசுச் சாயங்களின் வழியாக ஆராயும் முனைவர் பட்டப் பணியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஆய்வகத்தில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேசுகிறோம். ஆயினும் ஒரு சிக்கலை அடி முதல் நுனி வரை யோசித்துப் பார்க்க வேண்டுமானால், தமிழில் எழுதினால்தான் எனக்குத் தெளிகிறது.

இரண்டு மாத வயதுடைய நான்கு சுண்டெலிகளின் மூளைகளை, இதயத்தின் வழியாக 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு செலுத்தி நிலைப்படுத்தி, 30 சதவீத சுக்ரோஸ் கரைசலில் ஊறவைத்து, கிரையோஸ்டாட் என்னும் உறைவெட்டுக் கருவியில் 40 மைக்ரான் தடிமனில் நெடுக்குவாட்டாக, அதாவது மூக்கிலிருந்து வால் நோக்கிய போக்கில், வெட்டினேன். வெட்டுகளைக் கரைசலில் மிதக்கவிட்டு, பர்கின்ஜி செல்களில் உள்ள ஜீப்ரின் 2 என்னும் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியில் ஓரிரவு வைத்து, மறுநாள் அதன் மேல் பற்றும், பெராக்சிடேஸ் நொதி இணைத்த செகண்டரி ஆன்டிபாடியும், அந்நொதியால் பழுப்பாகும் டிஏபி என்னும் பொருளும் கொண்டு நிறமேற்றினேன். என் கேள்வி முன்புற மடல்களை, அதாவது சிறுமூளையின் முன்பக்க மடிப்புகளைப் பற்றியது என்பதால், 20 மடங்கு வில்லையில் மூன்றாம் மடலைப் பார்த்தேன். சில வெட்டுகளில் பர்கின்ஜி செல்லின் உடலும் அதன் கிளைகளும் தெளிவான பழுப்பில் நிற்கின்றன. பல வெட்டுகளில் அதே மடலில் ஒரு செல் கூட நிறம் பிடிக்கவில்லை. நான்கு விலங்குகளிலும் இதே நிலைதான்.

ஆன்டிபாடி கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாக வருகையில் இரண்டு நாள் எங்கோ தேங்கிவிட்டது. தெர்மகோல் பெட்டியைத் திறந்தபோது பனிக்கட்டி முழுவதும் தண்ணீராகியிருந்தது. அதனால் அது பாதி கெட்டுவிட்டதோ என்று அஞ்சுகிறேன். புதிதாக வாங்குவதென்றால் ஆண்டுச் செலவுத் தொகையில் பெரும்பங்கு போய்விடும். அதைவிட, நான்கு உயிர்களைப் பயன்படுத்திவிட்டு அவற்றிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

சித்தூர்_மாஷ் | ஞாயிறு, இரவு 10.25

மகளே, நான் சித்தூரில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆந்திரத்துச் சித்தூர் அன்று, நம் பாரதப்புழைப் பக்கத்துச் சித்தூர். நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த சிறுமூளை எங்கும் ஒரே சீரானது: வெளியே மூலக்கூறு அடுக்கு, நடுவில் ஒற்றை வரிசையாகப் பர்கின்ஜி செல்கள், உள்ளே சிறுமணி அடுக்கு. 1837-இல் பர்கின்ஜி அந்தப் பெரிய செல்களை விவரித்த காலம் முதல், எந்த மடலை எடுத்துக்கொண்டாலும் இதே மூன்று அடுக்குகள்தான் தெரிந்தன. அப்படியிருக்க, ஒரு வெட்டில் நிறம் ஏறி மறு வெட்டில் ஏறாமல் போவது சாயத்தின் குறையாகத்தானே இருக்க வேண்டும்? அறிந்தவர்கள் விளக்கினால் நானும் கற்றுக்கொள்வேன்.

பாறசாலை_திசுவகம் | திங்கள், காலை 6.50

தங்கைக்கு வணக்கம். நான் திருவனந்தபுரத்தின் தெற்கு எல்லையில் ஒரு திசுவியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெட்டுவதும் சாயமேற்றுவதுமாக இருப்பவள். ஆன்டிபாடியைக் குற்றம் சொல்வதற்கு முன், உங்கள் எழுத்திலேயே இருக்கும் ஒரு சான்றைக் காட்டுகிறேன். வெட்டுகளைத் தனித்தனியாகக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றியதாக நீங்கள் எழுதவில்லை. ஒரே கிண்ணத்தில், ஒரே கரைசலில், எல்லாம் ஒன்றாக மிதந்திருக்கின்றன. ஆன்டிபாடி வலுவிழந்திருந்தால் எல்லா வெட்டுகளும் ஒரே அளவில் வெளிறியிருக்க வேண்டும். ஒரு வெட்டு நன்றாகப் பழுப்பேறி, அதை உரசிக்கொண்டு மிதந்த இன்னொன்று முற்றிலும் வெறுமையாக இருக்கிறதென்றால், காரணம் கரைசலில் இருப்பது அரிது. அதைத் திசுவில்தான் தேட வேண்டும்.

ஆகவே இன்று ஆய்வகத்திற்குச் சென்றதும் ஒரு காரியம் செய்யுங்கள். 20 மடங்கு வில்லையை விட்டுவிட்டு, 2 மடங்கிலோ 4 மடங்கிலோ முழுச் சிறுமூளையையும் ஒரே பார்வையில் பாருங்கள். வெறுமை என்று ஒதுக்கிய வெட்டுகளில் பத்தாம் மடல், அதாவது அடிப்புறத்தில் மூளைத்தண்டை ஒட்டி இருக்கும் கடைசி மடல், எப்படி இருக்கிறது? ஆறாம், ஏழாம் மடல்கள் எப்படி இருக்கின்றன? இந்த மூன்றும் பழுப்பாக இருந்தால் உங்கள் ஆன்டிபாடி நலமாக இருக்கிறது. இவையும் வெறுமை என்றால்தான் தெர்மகோல் பெட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எந்த வெட்டு நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

கொழிஞ்சாம்பாறை_மாணவி | திங்கள், மாலை 7.30

அக்கா, காலையில் உங்கள் பதிவைப் பேருந்திலேயே படித்துவிட்டு, பையைக் கீழே வைப்பதற்கு முன் நுண்ணோக்கியைத் திறந்தேன். நீங்கள் கேட்ட மூன்று மடல்களும் எல்லா வெட்டுகளிலும் பழுப்பாகவே இருக்கின்றன. நான் "வெறுமை" என்று எழுதி ஓரமாக வைத்திருந்த தகடுகளிலும் பத்தாம் மடலில் ஒரு செல் விடாமல் நிறம் பிடித்திருக்கிறது. முதல் மடல் முதல் ஐந்தாம் மடல் வரைதான் சில வெட்டுகளில் நிறம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எட்டாம் மடலும் அவ்வாறே மாறி மாறி வருகிறது. ஒரு வாரமாகக் கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

வெட்டுகளின் வரிசையைக் குறித்து வைக்கவில்லை, அக்கா. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டேன். அது பிழை என்று இப்போது புரிகிறது.

நகரி_நூல் | திங்கள், இரவு 11.05

வணக்கம். ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவன். சிறுமூளையின் வளர்ச்சியைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருப்பவன். மாஷ் அவர்கள் கேட்ட கேள்வியும் தங்கையின் வெறுமையும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

எங்கள் தறியில் பாவு ஓட்டும்போதே எந்த இடத்தில் எந்த நிற நூல் என்று முடிவாகிவிடும். அந்த நிறக்கோடுகள் துணியின் நீளவாக்கில், முதல் முழத்திலிருந்து கடைசி முழம் வரை ஓடும். அத்துணியை அகலவாக்கில் கத்தரித்தால், வெட்டிய ஓரத்தில் எல்லா நிறங்களும் வரிசையாகத் தெரியும். நீளவாக்கில் ஒரு கீற்றைக் கிழித்தெடுத்தால், ஒரு நிறம் மட்டுமே கிடைக்கும். அக்கீற்றை மட்டும் கையில் வைத்திருப்பவர் துணி முழுவதும் அந்த நிறம் என்றே எண்ணுவார். சிறுமூளையில் ஜீப்ரின் பட்டைகள் பாவு நூலின் போக்கில், முன்னிருந்து பின்னாக ஓடுகின்றன. மடல்களோ அதே துணியை அகலவாக்கில் கொசுவி மடித்தது போன்றவை. பட்டைகள் மடிப்புக்குள் இறங்கி ஏறி அடுத்த மடலுக்குச் செல்கின்றன. தங்கை நெடுக்குவாட்டில் வெட்டியதால் ஒவ்வொரு வெட்டும் ஒரு பட்டைக்குள்ளேயே விழுந்திருக்கிறது. ஜீப்ரின் உள்ள பட்டையில் விழுந்த வெட்டு பழுப்பு. இல்லாத பட்டையில் விழுந்தது வெறுமை. ஆன்டிபாடி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

இப்படியொரு ஒழுங்கு இருப்பதன் முதல் தடயம் 1963-இல் கிடைத்தது. ஸ்காட் என்பவர் 5'-நியூக்ளியோடிடேஸ் என்னும் நொதிக்கான சாயத்தைச் சுண்டெலியின் சிறுமூளையில் இட்டபோது, சீரானது என்று கருதப்பட்ட மூலக்கூறு அடுக்கு பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிந்தது. அதே காலத்தில் நெதர்லாந்தில் யான் வோக், வெண்பொருளில் உள்ள நரம்பிழைகளின் தடிமனை, அவற்றின் உறையான மையலினைக் காட்டும் சாயத்தில் பார்த்து, அங்கும் நெடுக்குவாட்டுப் பிரிவுகள் உண்டு என்று காட்டினார். ஜீப்ரின் பிற்பாடு வந்தது. கனடாவில் ரிச்சர்டு ஹாக்ஸின் குழுவினர், மென்மின்சாரம் வெளியிடும் ஏப்டெரோனோட்டஸ் என்னும் மீனின் சிறுமூளைச் சாற்றைச் சுண்டெலிக்குச் செலுத்தி ஒரு ஆன்டிபாடியைப் பெற்றார்கள். 1990-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அது எலியின் சிறுமூளையில் வரிக்குதிரையின் உடலைப் போன்ற கோடுகளைக் காட்டியது. ஜீப்ரின் என்ற பெயரே வரிக்குதிரையின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த ஆன்டிபாடி பற்றும் புரதம், சர்க்கரையை உடைக்கும் பாதையில் வேலை செய்யும் ஆல்டோலேஸ் சி என்பது 1994-இல் உறுதியானது. உயிர்ச்செல்கள் யாவும் செய்யும் அன்றாட வேலைக்கான ஒரு நொதி, ஒரு பர்கின்ஜி செல்லில் நிறைந்தும் அதன் அண்டைச் செல்லில் இல்லாமலும் இருப்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

மாஷ் அவர்களே, நீங்கள் கற்பித்தது தவறன்று. நிசில் சாயத்திலோ ஹெமடாக்சிலின்-இயோசினிலோ பார்த்தால் சிறுமூளை இன்றைக்கும் சீராகத்தான் தெரியும். அச்சாயங்கள் செல்லின் வடிவத்தைக் காட்டுகின்றன. ஒரே வடிவமுள்ள இரண்டு செல்களுக்கு இடையே புரதத்தில் உள்ள வேறுபாடு அவற்றுக்கு எட்டாது.

தங்கை கண்ட ஆறாம், ஏழாம், பத்தாம் மடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்டெலியின் நடுப்பகுதியான வெர்மிஸ், முன்னிருந்து பின்னாக நான்கு மண்டலங்களாகப் பிரிகிறது. ஒன்று முதல் ஐந்து வரையான மடல்கள் முன் மண்டலம். அங்கே ஜீப்ரின் உள்ள பட்டைகள் குறுகியவை, இல்லாத பட்டைகள் அகன்றவை. அதனால்தான் உங்கள் மூன்றாம் மடலில் வெறுமையான வெட்டுகள் அதிகம். ஆறும் ஏழும் நடு மண்டலம். அங்கே ஏறத்தாழ எல்லாப் பர்கின்ஜி செல்களிலும் ஜீப்ரின் உண்டு. எட்டும் ஒன்பதின் மேற்பகுதியும் பின் மண்டலம், மறுபடியும் பட்டைகள். ஒன்பதின் அடிப்பகுதியும் பத்தும் கடைமண்டலம். மறுபடியும் முழுப் பழுப்பு. நீளவாக்கில் பட்டைகளும் குறுக்குவாக்கில் மண்டலங்களும் என்று இரண்டு ஒழுங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

சித்தூர்_மாஷ் | செவ்வாய், காலை 8.15

நகரித் தம்பிக்கு மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எழுகின்றன. பட்டைகள் நெடுக்குவாட்டில் ஓடுமானால், எல்லோரும் ஏன் சிறுமூளையை நெடுக்குவாட்டிலேயே வெட்டுகிறார்கள்? அடுத்தது, நிறமில்லாத பட்டையில் செல்கள் இருக்கின்றனவா, அல்லது அங்கே பர்கின்ஜி செல்களே இல்லையா? ஒன்று தெரியாததாலேயே அது இல்லை என்று நாம் எப்படிச் சொல்வது?

பாறசாலை_திசுவகம் | செவ்வாய், இரவு 8.40

மாஷின் இரண்டாம் ஐயம்தான் இந்த வேலையின் உயிர்நாடி என்பதால் அதற்கு முதலில் வருகிறேன். நிறமில்லாத இடத்தில் செல் இருக்கிறது என்பதை அதே விலங்கின் அடுத்த வெட்டில் வேறொரு சாயத்தால் நிறுவ வேண்டும். இதற்குக் கால்பின்டின் ஆன்டிபாடி பொருத்தமானது. சிறுமூளைப் புறணியில் அது எல்லாப் பர்கின்ஜி செல்களையும் வேறுபாடில்லாமல் காட்டும். கால்பின்டின் வெட்டில் இடைவெளி இல்லாத ஒரு வரிசையும், அதை அடுத்த ஜீப்ரின் வெட்டில் பட்டைகளும் தெரிந்தால், செல்கள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றில்தான் ஜீப்ரின் இல்லை என்று பொருள். கால்பின்டினிலும் இடைவெளி தெரிந்தால் அங்கே செல்கள் இறந்திருக்கலாம், அல்லது வெட்டும்போது திசு கிழிந்திருக்கலாம். இந்த ஒப்பீடு இல்லாமல் "பட்டை மறைந்தது" என்று எழுதப்படும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

இதைவிட வலுவான சான்று ஒன்றும் உண்டு. பிஎல்சி பீட்டா 4 என்னும் புரதம், முன் மண்டலத்திலும் பின் மண்டலத்திலும், ஜீப்ரின் இல்லாத பர்கின்ஜி செல்களில்தான் இருக்கிறது. இரண்டையும் இரண்டு ஒளிரும் நிறங்களில் ஒரே வெட்டில் ஏற்றினால் ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும். அப்போது இன்மையை வைத்து வாதிட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. இரண்டு பட்டைகளும் தாமாகவே தெரிகின்றன.

நெடுக்குவாட்டில் வெட்டுவதற்கும் நியாயம் உண்டு, மாஷ். பர்கின்ஜி செல்லின் கிளைகள் பனையோலை விசிறியைப் போல ஒரே தளத்தில் விரிந்தவை. அத்தளம் நெடுக்குவாட்டுத் தளம். அவ்வாறு வெட்டினால்தான் ஓலை முழுவதும் தெரியும், பத்து மடல்களும் ஒரே பார்வையில் எண்ணக் கிடைக்கும். குறுக்கே வெட்டினால் விசிறியின் விளிம்பு மட்டுமே தெரியும். செல்லின் வடிவத்தைத் தேடுகிறவர் நெடுக்கே வெட்டட்டும். பட்டையைத் தேடுகிறவர் குறுக்கே, அதாவது காதிலிருந்து காதுக்கு, வெட்ட வேண்டும்.

தங்கை அடுத்த முறை செய்யும்போது வெட்டுகளை 24 குழித் தட்டில் வரிசையாக இடுங்கள். மூன்று குழிகளுக்கு ஒரு முறை சுழற்சியாக ஜீப்ரின், கால்பின்டின், நிசில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரத்தம் முழுவதும் வடியும் வரை உப்புக்கரைசலைச் செலுத்திவிட்டு அதன் பிறகே நிலைப்படுத்தியைத் திறக்க வேண்டும். ஜீப்ரின் ஆன்டிபாடி சுண்டெலியிலிருந்து வந்தது, உங்கள் திசுவும் சுண்டெலி. ஆகையால் செகண்டரி ஆன்டிபாடி, இரத்தக்குழாயில் தங்கிவிட்ட விலங்கின் சொந்த ஆன்டிபாடிகளையும் பற்றிக்கொள்ளும். சிவப்பணுக்களில் இயல்பாகவே உள்ள பெராக்சிடேஸ் செயலும் டிஏபியைப் பழுப்பாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் முன்கூட்டியே ஊறவைப்பது இந்த இரண்டாவது தொல்லையைத்தான் நீக்கும், முதலாவதை நீக்காது. ப்ரைமரி ஆன்டிபாடி, அதாவது முதலில் இடும் ஜீப்ரின் ஆன்டிபாடி, இடாத வெட்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் உடன் வைத்திருந்தால் எது மெய், எது பொய் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இறுதியாக ஒன்று. "அறை வெப்பநிலை" என்று செய்முறைகளில் படிக்கிறோம். அதை எழுதியவர்களின் அறை இருபது, இருபத்திரண்டு டிகிரியில் இருந்திருக்கும். மார்ச் மாதத்துப் பாலக்காட்டில் மின்சாரம் போன ஒரு பிற்பகலில் டிஏபி எத்தனை வேகமாக ஓடும் என்பதை நீங்களே அறிவீர்கள். நிமிடக் கணக்கைப் பிறரிடமிருந்து எடுக்காமல், நுண்ணோக்கியின் கீழ் பார்த்துக்கொண்டே நிறுத்துங்கள். ஒப்பிடப்போகும் விலங்குகள் அனைத்தையும் ஒரே நாளில், ஒரே கரைசலில் நிறமேற்றுங்கள்.

வேலந்தாவளம் | புதன், மதியம் 1.20

அக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இத்தனை வெட்டுகளும் எதற்கு? சிறுமூளையை வெட்டாமலே முழுதாகச் சாயமேற்றும் முறை 2002-லேயே சில்லிட்டோவும் ஹாக்ஸும் வெளியிட்டது இருக்கிறது. மெத்தனாலும் டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானும் நான்குக்கு ஒன்று என்று கலந்த கரைசலில் ஊறவைத்து, பெராக்சைடு சேர்த்து வெளுத்து, மெத்தனாலிலேயே பலமுறை உறையவைத்து உருக்கி, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி கொண்டு மேற்பரப்பைத் தளர்த்தி, ஆன்டிபாடியில் இரண்டு மூன்று நாட்கள் வைத்தால் போதும். வெர்மிஸ், இரண்டு அரைக்கோளங்கள், எல்லாப் பட்டைகளும் ஒரே பொருளில், தம் இடத்திலேயே தெரியும். வெட்டுகளை அடுக்கி மனத்திற்குள் படம் கட்ட வேண்டியதில்லை. மரபணு திரிபுற்ற சுண்டெலிகளைப் பல்லாயிரம் வெட்டுகள் வெட்டி ஒப்பிடுவதற்குப் பதில், ஒரு மேசையில் வரிசையாக வைத்துக் கண்ணால் ஒப்பிடலாம்.

பாறசாலை_திசுவகம் | புதன், இரவு 9.00

அந்த முறை அருமையானது, நானும் செய்திருக்கிறேன். ஆயினும் அதை மட்டும் நம்புவதை ஏற்க மாட்டேன். முழுச் சாயத்தில் ஆன்டிபாடி மேற்பரப்பில்தான் நன்றாகப் பற்றுகிறது. சிறுமூளைப் புறணியின் பெரும்பகுதி மடிப்புகளுக்குள் மறைந்து கிடக்கிறது. அந்தச் சுவர்களில் என்ன நடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. தங்கையின் கேள்வி முன்புற மடல்களைப் பற்றியது. அவற்றில் முதல் இரண்டு மடல்கள் மூளைத்தண்டின் மேல் கவிழ்ந்து கிடப்பவை. புரோட்டினேஸ் ஒரு நிமிடம் கூடினால் மேற்பரப்பே உரிந்துவிடும், குறைந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பற்றும். அந்தத் திட்டுகளை ஒரு புதியவர் பட்டை என்று எண்ணிவிட முடியும்.

வேலந்தாவளம் | புதன், இரவு 9.35

திட்டுக்கும் பட்டைக்கும் வேறுபாடு காண ஒரு வழி இருக்கிறது, அக்கா. நடுக்கோட்டின் இருபுறமும் பட்டைகள் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருக்க வேண்டும். ஜீப்ரின் உள்ள பட்டைக்கு +, இல்லாததற்கு − என்று குறித்து, நடுவில் பி1+, அதன் இருபுறமும் பி1−, பிறகு பி2+ என்று அரைக்கோளத்தின் ஓரத்தில் பி7+ வரை எண்ணிக்கொண்டு போகலாம். இடப்பக்கம் உள்ளது வலப்பக்கமும் இருந்து, அடுத்த விலங்கிலும் அதே இடத்தில் இருந்தால் அது பட்டை. ஆனால் மடிப்புகளுக்குள் இருப்பது தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு விலங்கு முழுதாகவும் இரண்டு விலங்கு குறுக்கு வெட்டாகவும் செய்தால் என்ன?

நகரி_நூல் | புதன், இரவு 11.30

இருவரும் சொல்வதைச் சேர்த்துச் செய்வதே நல்லது. முழுச் சாயத்தில் வரைபடத்தைப் பெற்று, ஐயம் எழும் இடத்தை வெட்டில் சரிபார்க்கலாம். தங்கை பின்னர் திரிபுற்ற சுண்டெலிகளுக்குப் போகும்போது இது இன்னும் தேவைப்படும். என்கிரெயில்டு 2 மரபணு இல்லாத சுண்டெலிகளில் மடல்களின் மடிப்பும் ஜீப்ரின் பட்டைகளும் சேர்ந்தே மாறுகின்றன. மடிப்பு மாறியதால் பட்டை இடம் பெயர்ந்தது போல் தெரிகிறதா, பட்டையே மாறியதா என்பதைப் பிரித்தறிய இரண்டு பார்வைகளும் வேண்டும்.

வயதையும் மறக்க வேண்டாம். பர்கின்ஜி செல்கள் கருவின் பத்தாம் நாளிலிருந்து பதின்மூன்றாம் நாளுக்குள் பிறந்துவிடுகின்றன. பதினேழாம் நாள் வாக்கில் அவை திரள் திரளாகக் கூடி நிற்பதை வேறு சில குறிப்பான்கள் காட்டும். ஜீப்ரின் அப்போது இருக்காது. பிறந்த பிறகு சிறுமூளை நீண்டு மடிய மடிய, அத்திரள்கள் முன்னும் பின்னும் இழுபட்டு நீண்ட பட்டைகளாகின்றன. அவை கலைந்து பரவுவதற்கு ரீலின் என்னும் புரதம் வேண்டும்; அது இல்லாத சுண்டெலியில் செல்கள் உள்ளேயே திரளாகத் தங்கிவிடுகின்றன. ஜீப்ரினின் முதிர்ந்த அமைப்பு ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில்தான் நிலைபெறுகிறது. அதற்கு முன் எடுத்த திசுவில், வளர்ச்சி சற்றுத் தாமதமான ஒரு விலங்கு, அமைப்பே பிழையான விலங்கைப் போலத் தோன்றும்.

தேவிகுளம் | வியாழன், காலை 7.05

தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவன். செவிலியர் பணியில் இருக்கிறேன். இந்தப் பட்டைகளால் செல்லின் வேலையில் ஏதேனும் வேறுபாடு உண்டா? அல்லது சாயத்தில் மட்டும் தெரியும் வேறுபாடா? எங்கள் மருத்துவமனையில் நடை தடுமாறும் குழந்தைகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி மனத்தில் வருகிறது.

நகரி_நூல் | வியாழன், இரவு 10.10

அண்ணா, வேறுபாடு உண்டு. 2014-இல் விழித்திருக்கும் சுண்டெலிகளில் அளந்தபோது, ஜீப்ரின் இல்லாத பர்கின்ஜி செல்கள் நொடிக்கு ஏறத்தாழ 90 முறையும், ஜீப்ரின் உள்ளவை ஏறத்தாழ 60 முறையும் மின்துடிப்பு எழுப்புவதாகக் கண்டார்கள். தண்டுவடத்திலிருந்து வரும் பாசியிழைகளும், மூளைத்தண்டில் உள்ள கீழ் ஆலிவ் என்னும் பகுதியிலிருந்து ஏறிவரும் இழைகளும் இந்தப் பட்டைகளின் எல்லைகளை ஒட்டியே வந்து முடிகின்றன. ஆகவே சாயம் காட்டும் எல்லை, நரம்பிணைப்பின் எல்லையும் ஆகும்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்கள். நீமன்-பிக் சி என்னும் பரம்பரை நோயில் கொழுப்புப் பொருள்கள் செல்லுக்குள் தேங்குகின்றன. நடைத் தடுமாற்றம் அதன் அடையாளங்களில் ஒன்று. அந்நோயுள்ள சுண்டெலியில் பர்கின்ஜி செல்கள் ஒரே நேரத்தில் இறப்பதில்லை. ஜீப்ரின் இல்லாத பட்டைகள் முதலில் அழிகின்றன. ஜீப்ரின் உள்ளவை வெகுநாள் தாங்குகின்றன. கடைமண்டலத்தில் நெடுநாள் நிலைப்பவற்றில் எச்எஸ்பி 25 என்னும் காப்புப் புரதமும் இருக்கிறது. அந்த எச்எஸ்பி 25-க்குச் சாயமேற்றினால், ஜீப்ரினில் முழுப் பழுப்பாகத் தெரிந்த நடு மண்டலமும் கடைமண்டலமும் கூடப் பட்டைகளாகப் பிரியும். ஒரு செல் ஏன் தாங்குகிறது, அதன் அண்டைச் செல் ஏன் தாங்கவில்லை என்று கேட்பதற்கு இடம் கொடுப்பதே இந்தச் சாயங்கள்தாம்.

கொழிஞ்சாம்பாறை_மாணவி | இருபத்து மூன்று நாட்கள் கழித்து, சனி, இரவு 8.20

அனைவருக்கும் நன்றியுடன் எழுதுகிறேன். புதிய ஆன்டிபாடி வாங்கவில்லை. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் எஞ்சியிருந்த நான்கு விலங்குகளை, வேலந்தாவளம் அண்ணன் சொன்னபடி, முழுதாக இரண்டும் குறுக்கு வெட்டாக இரண்டும் என்று பிரித்துக்கொண்டேன்.

குறுக்கு வெட்டுகளில் மூன்றாம் மடலைப் பார்த்த முதல் நொடியை மறக்க மாட்டேன். நடுக்கோட்டில் சில செல்களே அகலமுள்ள மெல்லிய பழுப்புக் கோடு. அதன் இருபுறமும் அகன்ற வெண்மை. அதற்கப்பால் மறுபடியும் ஒரு கோடு. செல்லின் உடலும், மேலே அடுக்கின் விளிம்பு வரை ஏறும் கிளைகளும் நிறம் பிடித்திருந்ததால், ஒவ்வொரு பட்டையும் அடுக்கின் முழு உயரத்திற்கும் நின்றது. அடுத்த குழியின் கால்பின்டின் வெட்டில் இடைவெளியே இல்லை. ப்ரைமரி இடாத வெட்டில் சில இரத்தக்குழாய்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அவற்றை இனிக் கணக்கில் கொள்ள மாட்டேன். பழைய நெடுக்கு வெட்டுகளையும் எறிந்துவிடவில்லை. வரிசை இல்லாவிட்டாலும், நடு மண்டலம் எங்கே தொடங்குகிறது என்பதை அவற்றில்தான் மிகத் தெளிவாகக் காண முடிகிறது.

முழுச் சாயத்தில் ஒரு விலங்கு நன்றாக வந்திருக்கிறது. எட்டாம் மடலின் பட்டைகளைப் பின்புறத்திலிருந்து எண்ண முடிகிறது. முன் மண்டலத்தை விட அங்கே பழுப்புப் பட்டைகள் அகலமானவை. இரண்டாவது விலங்கில் மட்டும் வலது அரைக்கோளம் இடதைவிட வெளிறியிருக்கிறது, ஒரு பட்டை பாதியில் நின்றுவிடுகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பாறசாலை_திசுவகம் | சனி, இரவு 9.15

படத்தைப் பார்த்தேன், தங்கையே. பட்டை நிற்கும் இடத்தில் எல்லை கூர்மையாக இல்லை. நிறம் மெல்ல மெல்லத் தேய்கிறது. மேலும் வெளிறிய பகுதி இரண்டு மடல்களுக்குக் குறுக்கே, பட்டையின் போக்கிற்குச் சம்பந்தமில்லாமல் சாய்வாகக் கிடக்கிறது. குப்பியில் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்திருக்கும். ஆன்டிபாடி அங்கே செல்லவில்லை. அந்த மூளையை இப்போதே ஊறவைத்துக் குறுக்கே வெட்டி, வலது பக்கத்து வெட்டுகளில் ஜீப்ரினை மறுபடியும் ஏற்றிப் பாருங்கள்; உள்ளே இதுவரை சாயம் படாத செல்கள் விடை சொல்லும். அடுத்த முறை குப்பியைப் படுக்கவைத்து மெல்ல உருட்டிக்கொண்டே இருங்கள்.

கொழிஞ்சாம்பாறை_மாணவி | சனி, இரவு 9.40

நினைவுக்கு வருகிறது, அக்கா. இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போய் உருட்டும் கருவி நின்றிருந்தது. நாளை காலையில் சுக்ரோஸில் போட்டுவிடுகிறேன்; செவ்வாய்க்கிழமை வெட்டிப் பார்த்துவிட்டு இதே இழையில் படத்துடன் எழுதுகிறேன்.